வின்டர் டெலிஃபோன்ஸ் வந்த வாரம்

பிப். 16, திங்கள்

புழுக்கம். மழையைக் கண்டு பல நாளாகிறது, பின்பக்கத்துப் புல் வைக்கோல் நிறம். தகனினி வீட்டிலிருந்து மோட்டார்வே முழுக்கக் கார் ஊர்வலம். கிளினிக் திறக்கும்போதே வாசலில் ஆள்.

காலையில் காதுக் கருவி பொருத்தல் இரண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று. அடுத்து வரவேண்டியவர் வரவில்லை. அந்த இடத்தில் ஓர் அவசரம் வந்து உட்கார்ந்தது.

தொலைபேசியில் ஆஸ்திரேலியப் பேச்சு. பெயர் டேன். ஒரு இசைக்குழுவின் பயணத்தைக் கவனித்துக்கொள்கிறவர். குழுவில் ஒருவருக்குக் காது அடைத்திருக்கிறதாம், அழுக்காகத்தான் இருக்கும், எடுத்துவிட்டால் போதும் என்றார். சிட்டியில் எங்கும் இடம் கிடைக்காமல் மவுண்ட் வெல்லிங்டனில் எங்கள் கிளினிக் வரைக்கும் தேடி வந்திருக்கிறார்கள்.

வந்தது ஒரு பெண். பதிவில் பெயரை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெயரை இங்கேயும் எழுதக்கூடாது. க. என்று வைக்கிறேன்.

க., வயது அறுபத்துநான்கு. நரைத்த கிராப், கசங்கிய காட்டன் சட்டை, செருப்பு. வின்டர் டெலிஃபோன்ஸ் குழுவில் கீபோர்டு வாசிக்கிறவர். எண்பதுகளின் தொடக்கத்தில் சொந்த ஊர் ஈப்போவில் எனக்கும் பள்ளித் தோழி லீலாவுக்கும் பதினைந்து வயது. அவர்களுடைய கேசட் எங்களிடம் ஒன்றுதான், மாறி மாறி வைத்துக்கொள்வோம். அட்டையில் ஆண்கள் மூவர், ஓரத்தில் இவர், ஒரு கண்ணை மறைக்கும் முடி. லீலா அதேபோல் வெட்டிக்கொண்டு வந்து, அவள் அப்பா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எனக்கு வெட்டிக்கொள்ளத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை மேற்கே ஒரு திராட்சைத் தோட்டத்தில் நிகழ்ச்சி. அந்தக் காலத்துக் குழுக்கள் நான்கு, ஒரே மேடை. அக்டோபரிலேயே நானும் லீலாவும் டிக்கெட் எடுத்தாயிற்று. இதை க.வி‌டம் சொல்லவில்லை.

சோதனை. நேற்றுக் காலை விழித்தபோது வலது காதில் ஒன்றுமே இல்லையாம். ஹோட்டல் நீச்சல் குளத்துத் தண்ணீர் என்று நினைத்து நாள் முழுக்கத் தலையை ஆட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே அழுக்கு இல்லை. செவிப்பறை சுத்தம். இசைக்கவையை நெற்றியில் வைத்தேன், சத்தம் இடப்பக்கம்தான் வருகிறது என்றார். வெறும் அடைப்பென்றால் வலப்பக்கம் கேட்டிருக்கும்; அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. கேட்புத்திறன் வரைபடம் அதையே சொன்னது. இடது காது வயதுக்கேற்றபடி, மேல் சுருதிகளில் ஒரு பள்ளம், மேடைச் சத்தம் கொடுத்தது. வலது காது அதலபாதாளம்.

இது அடைப்பு இல்லை, உள்காது திடீரென்று செயலிழந்திருக்கிறது என்றேன். மாத்திரை இன்றே தொடங்க வேண்டும், தள்ளிப்போடப் போட வாய்ப்பு குறையும். மாத்திரை எழுதித்தர எனக்கு அதிகாரமில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரைக் கூப்பிட்டுக் கெஞ்சி மத்தியானத்துக்கு இடம் வாங்கினேன்.

கூட வந்திருந்த டேன் சனிக்கிழமையைப் பற்றி மூன்று விதமாகக் கேட்டார். மூன்றுக்கும் ஒரே பதில்: இப்போது சொல்ல முடியாது. க. கேட்டது ஒன்றுதான். இடது காதுக்கும் இப்படி வருமா? பெரும்பாலும் வராது என்றேன். தலையாட்டினார்.

வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்கு இவர் யார் என்றே தெரியவில்லை. அவள் பிறப்பதற்கு முந்தைய புகழ்.

வீட்டுக்கு: பால், வெங்காயம், சலவைத் தூள். மூன்றாவதை மறந்தேன்.

என் கணவர் குமார் பார்த்தவுடன் கேட்டார். "என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" மோட்டார்வே என்றேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு கதைக்கிற பழக்கம். நம்பவில்லை, விட்டுவிட்டார்.

லீலா ஃபோனில் படம் அனுப்பியிருக்கிறாள். சனிக்கிழமைக்குக் கறுப்பு கவுன், முன்னால் ஜிப். வயது ஐம்பத்தெட்டு.


பிப். 17, செவ்வாய்

மேகம், மழை இல்லை. நேற்றிரவு சிவராத்திரி. கோயிலுக்கு குமார் மட்டும்.

காலையிலேயே டேன். காப்பீட்டுக்காரர்களுக்கு என் வாயால் ஒரு வார்த்தை வேண்டுமாம், மேடை ஏறலாம் என்று. நான் சொல்ல வேண்டியதையெல்லாம் நோயாளியிடம் சொல்லியாகிவிட்டது, அவரைக் கேளுங்கள் என்றேன். பெரிய சத்தம் அந்தக் காதுக்கு நல்லதா என்று நேராகக் கேட்டார். நல்லதில்லை என்றேன். அதைத் தவிர வேறு ஏதாவது சொல்லுங்கள் என்றார். பாவம், இளம் வயது. குரலில் தூக்கமில்லை.

மதிய இடைவேளையில் லீலா ஃபோனில். வெஸ்ட்கேட்டில் அவள் வீட்டில் என் காரை விட்டுவிட்டு அவள் காரில் போவது என்று முடிவு. கறி பஃப் அவள் செய்கிறாள். நான் பாய். "அவங்க ரெண்டாவது பாட்டு அதுவாத்தான் இருக்கும், பாரேன். ரிஹர்சல் எல்லாம் முடிச்சிருப்பாங்க லா." இருக்கும் என்றேன்.

அவளிடம் ஒன்றை மறைத்து வைப்பது இது முதல் தடவை இல்லை. என் வேலையே பிறர் காதுகளைப் பற்றி வாயைத் திறக்காமல் இருப்பது. ஆனால் அவளுக்கு வேண்டிய ஒன்றை மறைப்பது இது முதல் தடவை.

பாத்திரம் கழுவும் மெஷினிலிருந்து தண்ணீர் வெளியே வருகிறது. ஆள் புதன்கிழமை வருவானாம்.


பிப். 19, வியாழன்

வெயில். நேற்று எழுதவில்லை. மெஷின் ஆள் வரவில்லை.

க. இரண்டாவது சோதனைக்கு. தனியாக, டாக்ஸியில். மாத்திரையால் தூக்கம் போயிற்று, கன்னம் சிவந்து பசி பசியென்று இருக்கிறது என்றார். வரைபடத்தில் கீழ்ச் சுருதிகள் ஒரு விரல் அளவு ஏறியிருக்கின்றன. மேலே ஒன்றும் இல்லை.

புதிதாக ஒன்று. ஏறிவந்த அந்தக் கொஞ்சமும் பிசகாகக் கேட்கிறது. ஒரே ஸ்வரம் இடது காதில் சரியாகவும், வலது காதில் அரை ஸ்வரம் தள்ளியும். ஹோட்டல் அறையில் சின்ன கீபோர்டில் வாசித்துப் பார்த்தாராம். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பக்கத்தில் அதன் கெட்ட தம்பி ஒருத்தன் நிற்கிறான் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கைக்குட்டையைத் தேடினார்.

காது திரும்பும்போது இப்படி வருவதுண்டு, குறையவும் குறையும் என்றேன். உண்மை. எப்போது என்று தெரியாது என்றேன். அதுவும் உண்மை.

பிறகு அவராகவே பேசினார். நான் கேட்கவில்லை. பாட்டுக்களில் அவர் பகுதி முழுவதும் ஏற்கனவே கம்ப்யூட்டரில் பதிவாகி இருக்கிறதாம். பழைய குழுக்கள் பலரும் கொஞ்சம் பதிவு, கொஞ்சம் கை என்றுதான் ஓட்டுகிறார்கள். சனிக்கிழமை முழுவதையும் பதிவிலேயே ஓட்டிவிடலாம், நீங்கள் விசைகளின் மேல் கையை வைத்து அசைத்தால் போதும், யாருக்கும் தெரியாது என்கிறார் டேன். பாடகருக்கும் அதில் சம்மதம். அவரும் பழைய ஆள்தான், அட்டையில் நடுவில் நின்றவர். மேடைக்கு வெளியே இவரும் அவரும் பேசிக்கொள்வதில்லையாம், பல வருடமாக. வேறு வேறு காரில் வருகிறார்கள். எதனால் என்று சொல்லவில்லை.

நிகழ்ச்சி நின்றால் மற்ற ஊர்களும் நிற்கும். கூட வாசிக்கிற இரண்டு பையன்களுக்கும் சம்பளம் இல்லை. அதனால் சரி என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

காது பற்றி என்னால் ஆனதைச் செய்தேன். வலது காதுக்கு மஞ்சள் பஞ்சு அடைப்பான், செருகும் விதத்தைக் காட்டிக் கொடுத்தேன். மேடையில் வலப்பக்கத்து ஸ்பீக்கரைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், டிரம்ஸிலிருந்து தள்ளி உட்காருங்கள் என்றேன்.

எழுந்து பையை எடுத்தவர் சட்டென்று கேட்டார், நீங்கள் வருகிறீர்களா சனிக்கிழமை? பொய் சொல்லத் தோன்றவில்லை. அக்டோபரிலிருந்து டிக்கெட் இருக்கிறது என்றேன். நின்று என்னைப் பார்த்தார். "பதிவுதான் ஓடுகிறது என்றால் உங்களுக்குப் பரவாயில்லையா?"

அது காது பற்றிய கேள்வி இல்லை. நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். "தெரியாமல் இருந்தால் பரவாயில்லை. இப்போது உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்."

நன்றி என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மூன்று பேரைச் சோதித்தேன். ஒருவருக்கு இரண்டு காதையும் மாற்றிக் குறித்து, திரும்ப அழித்து எழுதினேன்.


பிப். 20, வெள்ளி

காற்று. மெஷின் ஆள் வந்தான், ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான்.

குமார் சோஃபாவில், கிரிக்கெட் உலகக் கோப்பை. மகள் யூனிவர்சிட்டியிலிருந்து வந்தாள். சனிக்கிழமை எங்கே போகிறேன் என்று சொன்னதும், "ஓல்ட் பீப்பிள் மியூசிக், மம்" என்றாள். குமார் ஆட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அவவை விடும், அவவும் ஒருநாள் கிழவிதான். நீர் போய்ட்டு வாரும்" என்றார்.

பாயைத் தட்டிக் காய வைத்தேன். தொப்பி, சன்ஸ்க்ரீன், தண்ணீர்.

நேற்று சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதைச் சொன்னது ஆடியாலஜிஸ்ட் இல்லை, டிக்கெட் வாங்கினவள்.


பிப். 22, ஞாயிறு, காலை

நேற்றையதை எழுதுகிறேன். நேற்று நல்ல வெயில், மேகமே இல்லை. இன்று மூட்டம்.

லீலா கறுப்பு கவுனில், காதில் பெரிய பிளாஸ்டிக் வளையம். திராட்சைத் தோட்டத்துப் புல்வெளி முழுக்க எங்கள் வயதுக்காரர்கள். மடக்கு நாற்காலி, குளிர்ப் பெட்டி, தொப்பி. ஒரு காலத்தில் நெற்றி முடியைச் சாய்த்துவிட்டிருந்தவர்களுக்கு இப்போது சாய்க்க முடி இல்லை. இந்த மாதிரி இசையை நான் எப்போதும் இருட்டில்தான் நினைத்திருக்கிறேன். பட்டப்பகலில் புகை மெஷின் விட்ட புகை, யாரோ பார்பிக்யூவில் இறைச்சியைக் கருக்கியதுபோல் இருந்தது. வண்ண விளக்குகள் எரிகின்றனவா இல்லையா என்றே தெரியவில்லை.

இரண்டு குழுக்கள் முடிந்தன. லீலா எல்லாப் பாட்டுக்கும் வரி மாறாமல் பாடினாள். கறி பஃப் தீர்ந்தது.

மூன்றாவது வின்டர் டெலிஃபோன்ஸ். எல்லாரும் எழுந்தோம். பாடகர் பருத்திருக்கிறார், குரல் அப்படியே. பின்னால் இரண்டு பையன்கள். க. இடது ஓரத்தில், கீபோர்டு இரண்டு அடுக்கு. வலது காதில் மஞ்சள் அடைப்பான். தேடியதால் எனக்குத் தெரிந்தது.

முதல் பாட்டு. லீலா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கையப் பாரு நளி. கையப் பாரு. அப்படியே இருக்கு லா." கண்ணில் தண்ணீர். கை சரியாகத்தான் அசைந்தது, தாளம் தப்பவில்லை. நீளமாக நிற்கும் ஸ்வரங்களில் மட்டும் கை கொஞ்சம் முன்னாலேயே எழுந்தது, சத்தம் நின்றபடி இருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. இரண்டாவது பாட்டு லீலா சொன்னதுதான்.

மூன்றாவது, எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. கீபோர்டு மட்டும் தனியாகத் தொடங்கும். க. கையை வைத்தார். தொடங்கியது. கூட்டம் கத்தியது. அவர் கையை எடுத்தார். தோள் உயரத்துக்குத் தூக்கி, உள்ளங்கை எங்களைப் பார்க்க, அப்படியே வைத்துக்கொண்டார். இசை ஓடிக்கொண்டிருந்தது.

விளையாட்டென்று நினைத்துக் கூட்டம் சிரித்தது, கை தட்டியது. அவர் கையை இறக்கவில்லை. டிரம்ஸ் பையன் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினான். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. யாரும் வாசிக்காமல் அந்த மெட்டு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பாடகர் திரும்பிப் பார்த்தார். பக்கவாட்டில் யாரோ அதை அணைத்தார்கள். அதன் பிறகு வேலிமரத்தில் சிக்காடாப் பூச்சிகளின் இரைச்சல் மட்டும்.

க. மைக்குக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தன் வலது காது போய்விட்டது என்றார். இதுவரை கேட்டது கம்ப்யூட்டர், தான் ஒரு ஸ்வரமும் வாசிக்கவில்லை. இதற்கு ஒப்புக்கொண்டதும் தான்தான். இங்கே வந்து நின்ற பிறகு முடியவில்லை. இடது காது இருக்கிறது. அதை வைத்து மெதுவான பாட்டு இரண்டு மூன்று வாசிக்க முடியும். போகிறவர்கள் போகலாம், வருத்தப்பட மாட்டேன்.

பின்னாலிருந்து ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டுக் கத்தினார். பக்கத்திலிருந்தவர்கள் அவரை அடக்கினார்கள். சிலர் நிஜமாகவே பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

உட்கார்ந்து, இடது காதைச் சாய்த்து வாசித்தார். பாடகர் கொஞ்ச நேரம் நடுவிலேயே நின்றார். பிறகு மைக்கோடு கீபோர்டைச் சுற்றிப் போய் அவருடைய இடப்பக்கத்தில் நின்று, கூட்டத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பாடினார். கடைசியாக எடுத்தது பதினைந்து வயதில் எனக்குப் பிடிக்காத பாட்டு, கேசட்டில் வேகமாக ஓட்டித் தாண்டிவிடுவேன். இரண்டு இடத்தில் தப்பு. இரண்டாவது தப்பில் நிறுத்தி, முதலிலிருந்து எடுத்தார். மொத்தம் மூன்று பாட்டு. முடிந்தது.

நான் அழவில்லை. லீலாவும் அழவில்லை. அவள் என் மணிக்கட்டை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. நான்காவது குழுவுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டோம்.

திரும்பும் வழியில் வெஸ்ட்கேட் விளக்கில் நின்றபோது கேட்டாள்.

"உனக்கு முன்னாலயே தெரியுமா?"

தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினேன்.

"வலது காதுன்னு அவங்க சொன்னப்போ உன்னைத் திரும்பிப் பாத்தேன். நீ ஆச்சரியப்படவே இல்ல. உன்கிட்டதான் வந்தாங்களா?"

"அத நான் சொல்லக்கூடாது லீலா."

"நான் பக்கத்துல நின்னு கையப் பாரு கையப் பாருன்னு சொன்னேன். அதக் கேட்டுட்டு நின்ன."

"ஆமா."

பச்சை விழுந்தது. வீட்டு வாசலில் இறங்கி, பாயை என் காரில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.


அதே நாள், மாலை

குமார் இலங்கை ஆட்டம் பார்க்கிறார். இலங்கை வென்றாலும் முகம் சுளிப்பார், தோற்றாலும் சுளிப்பார். முப்பது வருடமாக இப்படித்தான் பார்க்கிறாராம்.

டேன் கூப்பிட்டார், என் சொந்த எண்ணுக்கே. எங்கே கிடைத்ததோ. க.விடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். ஏற்பாட்டாளர்கள் தன்மேல் விழுகிறார்கள், இரண்டு ஊர் கைவிட்டுப் போயிற்று, கிளினிக்கின் மேல் புகார் எழுதப் போகிறேன் என்றார். எழுதுங்கள் என்றேன். குரல் நடுங்கவில்லை என்று நினைக்கிறேன். வைத்த பிறகு சலவைத் துணியை மடித்தேன்.

குமாரிடம் பெயர் சொல்லாமல், நோயாளி என்று மட்டும் சொல்லி, வேலையைத் தாண்டி ஒரு வாக்கியம் சொல்லிவிட்டேன் என்றேன். ஆட்டத்தின் சத்தத்தைக் குறைத்தார்.

"பொய்யோ சொன்னனீர்?"

"இல்ல."

"அப்ப, எதுக்குப் பயம்?"

பொய் சொல்லவில்லை என்பதுதான் பயம். உண்மையைச் சொல்லி ஒருத்தரை மேடையில் அப்படி நிறுத்திவிட்டேனோ என்று. இதை அவரிடம் சொல்லவில்லை. சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

லீலாவிடமிருந்து ஒன்றும் இல்லை.


பிப். 23, திங்கள்

தூறல். நாளெல்லாம் அதே தூறல்.

கிளினிக் மேலாளரிடம் முழுவதையும் சொன்னேன், வியாழக்கிழமை வாக்கியத்தையும் சேர்த்து. கேட்டுவிட்டு, புகார் வரட்டும், வந்தால் பார்ப்போம், அந்த மாதிரி இனிமேல் பேசாதே என்றார். சரி என்றேன்.

கைபேசியில் மேடைப் படம் சுற்றுகிறது. கை தூக்கியபடி க. கீழே நூறு கருத்து. ஏமாற்றுக்காரி என்று பாதி, தைரியசாலி என்று பாதி. இரண்டு கூட்டமும் இதே பாட்டைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கும்.

லீலாவுக்கு இரண்டு முறை எழுதி, இரண்டையும் அழித்தேன்.


பிப். 24, செவ்வாய்

மழை விட்டு ஈர வெயில். புல்லில் பச்சை தெரிகிறது, அல்லது எனக்கு அப்படிப் படுகிறது.

க. கடைசிச் சோதனைக்கு வந்தார். கூடவே பாடகர். ஒரே கார். காத்திருக்கும் அறையில் அவருடைய பையைப் பாடகர் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீழ்ச் சுருதிகள் நன்றாகவே ஏறியிருக்கின்றன. நடுவில் பாதி. மேலே அப்படியேதான். சொற்களை வலது காதுக்குக் கொடுத்தேன், ஏறக்குறையப் பாதி பிடித்தார். அரை ஸ்வரத் தம்பி இன்னும் நிற்கிறான், ஆனால் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டான் என்றார்.

மிச்சமும் வருமா என்று கேட்டார். இன்னும் சில வாரம் மாறலாம், முழுவதும் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை என்றேன். ஜன்னலைப் பார்த்தார். கார் பார்க், ஷாப்பிங் சென்டரின் பின்சுவர், ஒரு ட்ராலி. 

பிறகு நானே கேட்டேன், வியாழக்கிழமை நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அதனால்தானா என்று. என் பக்கம் இடது காதைத் திருப்பினார்.

"நீங்கள் சொன்னதைக் கேட்டேன். டேன் சொன்னதையும் கேட்டேன், வெளியே உட்கார்ந்திருக்கிற இவன் சொன்னதையும் கேட்டேன். தூக்கினது என் கை."

டேனிடம் பேசிவிட்டாராம், புகார் வராது. ஆஸ்திரேலியாவில் மிச்சமிருக்கிற ஊர்களுக்குப் போகிறார்கள். பதிவு இல்லை. சின்ன நிகழ்ச்சி, மெதுவான பாட்டுக்கள், டிரம்ஸ் கிடையாது. வர விருப்பமில்லாதவர்களுக்குக் காசு திரும்பிவிடும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது என்றார்.

வெளியே வந்ததும் பாடகர் எழுந்து என்னிடம் கேட்டார், எந்தப் பக்கம் நின்று, எவ்வளவு தூரத்தில் பேசினால் அவளுக்குச் சிரமமில்லை? இடப்பக்கம், முகம் தெரிகிற மாதிரி, கத்தாமல் என்றேன். கத்தாமலா என்று அவர் கேட்டதற்கு க. சிரித்தார். பையைத் தானே வாங்கிக்கொண்டார். போனார்கள்.

அடுத்த ஆள் ஒரு முதியவர், கருவி விசில் அடிக்கிறதாம். பேட்டரிக் கதவு சரியாக மூடவில்லை.

மாலையில் தகனினிக்குத் திரும்பி, அரிசி களைந்துகொண்டிருந்தபோது லீலா கூப்பிட்டாள். வணக்கம், நலம் ஒன்றும் இல்லை.

"அவங்களுக்கு எப்படி இருக்கு?"

ஊருக்கே தெரிந்த காதுதான். இருந்தாலும் சொல்லவில்லை.

"சொல்ல மாட்ட."

"மாட்டேன்."

குழாயை மூடினேன். அவள் பக்கத்தில் டிவி ஓடும் சத்தம். வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"அந்தக் கடைசிப் பாட்டு. அத நீ எப்பவும் ஓட்டி விட்ருவ."

"ஆமா."

"எனக்கு அதான் பிடிக்கும். ஒரு நாளும் உன்கிட்ட சொன்னதில்ல." பிறகு, "வெள்ளிக்கிழமை வர்றேன். என்ன கொண்டு வர?"

ஒன்றும் வேண்டாம் என்றேன். மீன் வாங்க வேண்டும்.